312 ஜிபி காலியாக இருந்தும் "போதிய இடம் இல்லை": இன்ஸ்டாலர் கணக்கு எங்கே தப்புகிறது?

பிப்ரவரி 11, காலை 10:20 (கேள்வி)

சிடியில் வந்த பழைய வானியல் மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10ல் செட்டப்பை ஓட்டினால் "தேவை 640 எம்பி, இருப்பது 96 எம்பி" என்று சொல்லி நின்றுவிடுகிறது. சி டிரைவில் 312 ஜிபி காலி. எதற்கும் பார்ப்போம் என்று 3 ஜிபி வீடியோக்களை அழித்தேன். இப்போது "இருப்பது -928 எம்பி" என்கிறது. அழிக்க அழிக்க இடம் குறையுமா? இன்னும் எவ்வளவு அழிக்க வேண்டும்?

பிப்ரவரி 11, காலை 10:45

இனி எதையும் அழிக்காதீர்கள். புதிதாக எதையும் அந்த டிரைவில் எழுதவும் வேண்டாம்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த வீடியோக்கள் வேறு எங்காவது இருக்கின்றனவா? ரீசைக்கிள் பின்னில் கிடக்காது என்றே நினைக்கிறேன். பின்னில் இருந்திருந்தால் காலி இடம் மாறியிருக்காது, இன்ஸ்டாலர் காட்டும் எண்ணும் மாறியிருக்காது. எண் மாறிவிட்டது என்றால் பின்னையும் காலி செய்துவிட்டீர்கள். வேறு நகல் இல்லையென்றால் மீட்கும் வேலையை முதலில் பாருங்கள். இன்ஸ்டாலர் காத்திருக்கட்டும். எஸ்எஸ்டி என்றால் டிரிம் (அழித்த ஃபைல் இருந்த இடத்தை டிஸ்க்கே துடைத்துவிடும் வசதி) காரணமாக மீட்பது மிகவும் கஷ்டம், பழைய சுழலும் டிஸ்க் என்றால் வாய்ப்பு உண்டு.

பிப்ரவரி 11, காலை 11:30

நகல் வெளி டிஸ்க்கில் இருக்கிறது என்று பதில் வந்தது. நிம்மதி. இனி கணக்கைப் பார்ப்போம்.

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களே போதும். இது 32 பிட் கணக்கு வழிந்துபோன கேஸ். 32 பிட்டில் அடங்கும் பெரிய எண் 4,294,967,295. பைட்டில் அது 4 ஜிபிக்கு ஒன்று குறைவு. அதற்கு மேல் போனால் வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் முழுச் சுற்று சுற்றி மறுபடி பூஜ்யத்தில் தொடங்குவது போலத்தான். அதாவது உங்கள் காலி இடத்தை 4 ஜிபியால் வகுத்து, மீதியை மட்டும் இன்ஸ்டாலர் பார்க்கிறது.

312 என்பது 4ன் மடங்கு (78 × 4). உங்களிடம் இருந்தது 312 ஜிபியும் 96 எம்பியும். மீதி 96 எம்பி. அதைத்தான் அது காட்டியது.

3 ஜிபி அழித்ததும் மீதி 3 ஜிபி 96 எம்பி, அதாவது 3168 எம்பி. அதைச் சரியாகக் காட்டியிருந்தால்கூட இன்ஸ்டால் ஆகியிருக்கும். ஆனால் அந்த நிரல் எண்ணைக் கூட்டல், கழித்தல் குறியோடு வைத்திருக்கிறது. குறி உள்ள 32 பிட்டில் உச்சம் 2,147,483,647தான், 2 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அதைத் தாண்டினால் மைனஸில் விழும். 3168லிருந்து 4096 போனால் -928. நீங்கள் பார்த்த அதே எண்.

ஆக, அழித்தது வீண். அழிப்பதால் மீதி கூடலாம், குறையலாம், மைனஸுக்கும் போகலாம். உங்கள் டிஸ்க்கில் இடமில்லாத பிரச்சினையே கிடையாது.

பிப்ரவரி 11, பிற்பகல் 3:05

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். இடத்தை அடைக்க வேண்டும்.

மீதி 640க்கு மேலும் 2048க்குக் கீழும் விழ வேண்டும். இப்போது 3168. 2 ஜிபிக்கு ஒரு வெற்று ஃபைலை உருவாக்கினால் மீதி 1120 எம்பி. இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கிறது. விண்டோஸ் பின்னணியில் கொஞ்சம் எழுதினாலும் அழித்தாலும் கெட்டுப்போகாது.

கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஃப்எஸ்யுடில் கட்டளையின் 'ஃபைல் கிரியேட்நியூ' வசதியைப் பயன்படுத்துங்கள் (அடிப்பது ஆங்கில எழுத்தில்). ஃபைல் பெயருக்குப் பிறகு அளவை பைட்டில் கொடுக்க வேண்டும்: 2147483648. உடனே உருவாகிவிடும். செட்டப் முடிந்ததும் அழித்துவிடலாம்.

லினக்ஸில் வைன் (விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் கருவி) வழியாகப் பழைய மென்பொருள் போடுகிறவர்களுக்கும் இதே வழிதான். ஆனால் அங்கே 'ட்ரன்கேட்' கட்டளையில் ஃபைல் செய்யாதீர்கள். லிஸ்ட்டில் 2 ஜிபி என்று காட்டும், டிஸ்க்கில் இடமே பிடிக்காது. 'எஃப்அலொகேட்' பயன்படுத்தினால்தான் காலி இடம் உண்மையாகவே குறையும்.

பிப்ரவரி 11, இரவு 9:40

"டெம்ப் ஃபோல்டரைக் காலி பண்ணு, டிஸ்க் க்ளீனப் ஓட்டு, போதும்" என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். இந்த அறிவுரையை எல்லா இடத்திலும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது. சில நேரம் அது வேலை செய்வதுபோலத் தோன்றும். 1 ஜிபி அழித்தால் மீதி தற்செயலாகச் சரியான இடத்தில் விழும், இன்ஸ்டால் ஆகிவிடும், க்ளீனப்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வோம். அடுத்தவர் அதை நம்பி அழிப்பார், ஆகாது, இன்னும் அழிப்பார். கடைசியில் குடும்பப் படங்கள் வரை போகும். இடம் போதவில்லை என்று ஒரு செட்டப் சொன்னால், அது எந்த டிரைவைப் பார்த்தது, எந்த எண்ணைப் பார்த்தது என்று தெரியும்வரை ஒரு ஃபைலையும் தொடக்கூடாது.

பிப்ரவரி 12, காலை 7:15

இந்தப் பிழை ஏன் இவ்வளவு பரவலாக வந்தது என்று கேட்டிருந்தார்கள்.

விண்டோஸில் காலி இடம் கேட்க ஒரு பழைய ஃபங்ஷன் இருந்தது: கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ். அது பைட்டில் பதில் சொல்லாது. டிஸ்க் செக்டர் என்ற சிறு துண்டுகளாகவும், அவை சேர்ந்த கிளஸ்டர்களாகவும் பிரிந்திருக்கும்; ஒரு கிளஸ்டருக்கு எத்தனை செக்டர், ஒரு செக்டருக்கு எத்தனை பைட், எத்தனை கிளஸ்டர் காலி என்று தனித்தனியாகத் தரும். பெருக்கிக்கொள்வது நிரல் எழுதியவர் பொறுப்பு. 8 × 512 × காலி கிளஸ்டர்கள் என்று 32 பிட் மாறியில் பெருக்கினால் 4 ஜிபியில் வழிந்துவிடும். விண்டோஸ் 95ல் அந்த ஃபங்ஷனே 2 ஜிபிக்கு மேல் சொல்லாது என்பதால் அப்போது யாருக்கும் தெரியவில்லை. விண்டோஸ் 95ன் ஓஎஸ்ஆர்2 பதிப்பிலேயே 64 பிட் எண் தரும் புது ஃபங்ஷன் வந்துவிட்டது. பழையதைப் பயன்படுத்திய இன்ஸ்டாலர்கள் மட்டும் சிடிகளில் அப்படியே தங்கிவிட்டன.

மைக்ரோசாஃப்ட்டுக்கும் இது தெரியும். கம்பாட்டிபிலிட்டி அட்மினிஸ்ட்ரேட்டர் கருவியில் 'கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ்2ஜிபி' என்ற பெயரிலேயே ஒரு திருத்தம் இருக்கிறது. குறிப்பிட்ட நிரலுக்கு மட்டும் காலி இடத்தை 2 ஜிபிக்குள் நிறுத்திக் காட்டும். வெற்று ஃபைல் உருவாக்க மனம் வராதவர்கள் இதை முயலலாம். அதற்கும் முன்னால், செட்டப் ஃபைலின் ப்ராப்பர்ட்டிஸில் கம்பாட்டிபிலிட்டி டேபில் விண்டோஸ் 95 என்று வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

செட்டப் 16 பிட் என்றால் இது எதுவும் பொருந்தாது. 64 பிட் விண்டோஸில் அது பொதுவாகத் திறக்கவே திறக்காது. உங்களுக்குத் திறந்து எண் காட்டியதால் 32 பிட் என்று முடிவுக்கு வந்தேன்.

பிப்ரவரி 12, பிற்பகல் 1:50

லினக்ஸ் கேள்வி வந்துவிட்டது. "புது டிஸ்க் மாற்றினேன், 1.4 டிபி காலி, ஸ்கிரிப்ட் 20 ஜிபி வேண்டும் என்று நின்றுவிட்டது. பழைய சின்ன டிஸ்க்கில் ஓடியது" என்கிறார்.

அந்த ஸ்கிரிப்டை ஒரு எடிட்டரில் திறந்து 'டிஎஃப்' (டிஸ்க்கின் காலி இடத்தைக் காட்டும் கட்டளை) என்று தேடச் சொன்னேன். அவர் அனுப்பிய வரியில் டிஎஃப் கட்டளைக்கு 'ஹெச்' கொடி போட்டிருக்கிறது, அதாவது மனிதர் படிக்க வசதியான வடிவம். வெளியீடு "1.4டி" என்று வரும். ஸ்கிரிப்ட் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு 1.4ஐ 20ஓடு ஒப்பிடுகிறது. 1.4 சின்னது, ஆகவே இடமில்லை. பழைய டிஸ்க்கில் "180ஜி" என்று வந்திருக்கும், 180 பெரிது, தாண்டிவிட்டது. இடம் கூடியதுதான் இங்கே தோல்விக்குக் காரணம்.

பிப்ரவரி 12, இரவு 10:30

மேலே உள்ளதன் உறவுக்காரப் பிழை ஒன்று என் வேலையிடத்தில் வந்தது.

ஒரு பழைய சர்வரில் ஒரு வணிக மென்பொருளின் செட்டப் "காலி இடம் 38" என்று பதிவுசெய்து நின்றது. 38 என்ன? எம்பியா, ஜிபியா, லாகில் சொல்லவில்லை. டிஎஃப்பை நானே அதே திரையில் ஓட்டிப் பார்த்தேன். லினக்ஸின் டிஸ்க் பிரிவு முறையான எல்விஎம்மில் அந்த வால்யூமின் பெயர் நீளமாக இருந்ததால் பெயர் ஒரு வரியிலும் எண்கள் அடுத்த வரியிலும் மடிந்து வந்திருந்தன. ஸ்கிரிப்ட் கடைசி வரியின் நான்காவது பத்தியை எடுக்கிறது. சாதாரணமாக நான்காவது பத்தி காலி இடம். வரி மடிந்ததும் பெயர்ப் பத்தி காணாமல் போய், நான்காவது இடத்துக்குப் பயன்பாட்டுச் சதவீதம் வந்துவிட்டது. அந்த 38 என்பது 38 சதவீதம். டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்த ஸ்கிரிப்டின் கண்ணுக்குக் காலி இடம் கூடிக்கொண்டே போகும்.

தீர்வு ஒரு எழுத்து: டிஎஃப்புக்குப் பெரிய 'பி' கொடி. போசிக்ஸ் (யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரம்) வடிவத்தில் ஒரு டிரைவுக்கு ஒரே வரிதான் வரும். புதிய டிஎஃப் கொடி இல்லாமலே மடிக்காது, ஆனால் பழைய சர்வர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

மொழி அமைப்பும் இப்படித்தான் கெடுக்கும். டிஎஃப்பின் தலைப்பு வரி கணினியின் மொழிக்கு ஏற்ப மாறும். சில மொழிகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். ஸ்கிரிப்ட் ஆங்கிலச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஓட்டும் முன் 'எல்சி_ஆல்' மாறியை 'சி' என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

பிப்ரவரி 13, காலை 8:00

எல்லாப் பழியையும் கணக்கின் மேல் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வாசகர் சொல்கிறார். நியாயம். கணக்கு சரியாக இருந்தும் தப்பான இடத்தைப் பார்க்கும் இன்ஸ்டாலர்கள்தான் இன்று அதிகம்.

நீங்கள் டி டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும் செட்டப் சி டிரைவின் டெம்ப்பில் விரிக்கும். நிரம்பியது சி, செய்தியில் டிரைவ் பெயரே இருக்காது. லினக்ஸில் டெம்ப் ஃபோல்டர் பல விநியோகங்களில் டிஸ்க்கிலேயே இல்லை, ராமில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ். தனியாக அளவு சொல்லாவிட்டால் ராமில் பாதிதான் அதன் எல்லை. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் 5 ஜிபி விரிக்கப் போனால் 4ல் முட்டும். 'டிஎம்பிடிஐஆர்' மாறியை வேறு ஃபோல்டருக்குத் திருப்பினால் பல செட்டப்கள் மறுபேச்சில்லாமல் ஓடும்.

எம்எஸ்ஐ (விண்டோஸின் இன்ஸ்டால் ஃபைல் வடிவம்) பேக்கேஜ்களில் இன்னொன்று. ரூட்டிரைவ் என்று எதையும் சொல்லாவிட்டால் விண்டோஸ் இன்ஸ்டாலர் அதிகக் காலி இடம் உள்ள டிரைவைத் தானே தேர்ந்தெடுக்கும். பெரிய வெளி டிஸ்க் செருகியிருந்தால் அது அங்கே போகலாம். இன்ஸ்டால் பண்ணும்போது வெளி டிஸ்க்குகளைக் கழற்றிவைப்பது நல்ல பழக்கம்.

பிப்ரவரி 13, மாலை 6:20

"டிஎஃப்பில் 60 ஜிபி காலி, ஆனாலும் பாதியில் இடமில்லை என்கிறது."

டிஎஃப்புக்குச் சின்ன 'ஐ' கொடி கொடுத்துப் பாருங்கள். ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவு இடம்) தீர்ந்திருக்கும்.

பிப்ரவரி 13, மாலை 7:10

அவருக்கு அதுதான். 100 சதவீதம். ஏதோ ஒரு செயலி லட்சக்கணக்கான குட்டி ஃபைல்களைக் கொட்டி வைத்திருக்கிறது.

ஐநோடும் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவை: ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் இயல்பாக 5 சதவீதம் ரூட் (நிர்வாகி) கணக்குக்கு ஒதுக்கப்பட்டிருக்கும், 1 டிபி டிஸ்க்கில் அது 50 ஜிபி. இன்ஸ்டாலர் மொத்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தால் சாதாரணப் பயனருக்கு அந்த 50 ஜிபி கிடைக்காது, நடுவில் விழும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் டேட்டாவுக்கு இடம் இருந்தும் மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல்களைப் பற்றிய குறிப்புகளுக்கு) இல்லாமல் போகலாம், அங்கே டிஎஃப்பை நம்பாமல் பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்த 'ஃபைல்சிஸ்டம் யூசேஜ்' கட்டளையைப் பாருங்கள்.

டிஸ்க்குக்குச் சம்பந்தமே இல்லாமலும் அதே செய்தி வரும். ஐநோட்டிஃபை (ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் லினக்ஸ் வசதி) கண்காணிப்பு எண்ணிக்கை தன் வரம்பைத் தொட்டால் லினக்ஸ் கெர்னல் திருப்பித் தருவதும், டிஸ்க் நிரம்பும்போது தரும் அதே 28ஆம் எண் பிழைதான். நிரல் அதை அப்படியே "டிஸ்க்கில் இடமில்லை" என்று அச்சடிக்கும். அங்கே கூட்ட வேண்டியது 'மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்' அளவை.

பிப்ரவரி 14, காலை 9:25

எதிர்ப் பக்கமும் உண்டு. இடப் பிரச்சினையாகவே இருந்து, செய்தியில் இடம் என்ற சொல்லே வராத கேஸ். 2024 ஜனவரியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் கேபி5034441 பல கணினிகளில் 80070643 என்று முடியும் பிழையோடு நின்றது. அது "இன்ஸ்டால் தோல்வி" என்ற பொதுவான எண். உண்மைக் காரணம் ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் இல்லாதது, 250 எம்பி காலி வேண்டும். சி டிரைவில் 500 ஜிபி இருந்தாலும் பயன் இல்லை, அந்தப் பார்ட்டிஷன் எக்ஸ்ப்ளோரரில் கண்ணிலேயே படாது. பிழைச் செய்தி சரியாக வரவில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. எத்தனை பேர் அதற்காக விண்டோஸையே மறுபடி போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் கோபமாகத்தான் வருகிறது.

மேக்கில் வேறு மாதிரி. ஃபைண்டர் காட்டும் காலி இடத்தில் தேவைப்பட்டால் அழித்துக்கொள்ளக்கூடியவையும் சேரும். பழைய இன்ஸ்டாலர் நேரடியாகக் கேட்டால் அது சேராது. இரண்டு எண்ணும் பொய் இல்லை, இரண்டும் வேறு கேள்விக்கான பதில்.

பிப்ரவரி 14, இரவு 11:00

இரண்டு பேர் "அப்படியானால் சோதனையையே அணைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். முடியும். லினக்ஸின் பேக்கேஜ் கருவிகளில், ஆர்பிஎம்மில் 'இக்னோர்சைஸ்' உண்டு. டிஎன்எஃப்பில் 'டிஸ்க்ஸ்பேஸ்செக்' அமைப்பை அணைக்கலாம். பேக்மேனில் 'செக்ஸ்பேஸ்' வரியைக் கருத்து வரியாக்கலாம். சிஹெச்ரூட்டுக்குள் (ஒரு ஃபோல்டரையே முழு இயங்குதளம்போலக் காட்டும் முறை) பேக்மேன் மவுண்ட் பாயிண்ட் தெரியவில்லை என்று நிற்கும்போது நானும் அதைச் செய்கிறேன், அங்கே சோதனைக்குப் பார்க்க எதுவுமே இல்லை.

ஆனால் காரணம் தெரியாமல் அணைப்பதை நான் ஏற்கமாட்டேன். 2021 தொடக்கத்தில் மேக்ஓஎஸ் பிக் சர் இன்ஸ்டாலரில் இந்தச் சோதனை சரியாக நடக்கவில்லை. தேவை 35.5 ஜிபி. அது இல்லாத கணினிகளிலும் மேம்படுத்தல் ஆரம்பித்து, பாதியில் சிக்கி, சிலர் தங்கள் டேட்டாவை எட்ட முடியாமல் தவித்தார்கள். பிப்ரவரியில் 11.2.1 இன்ஸ்டாலரில் திருத்தினார்கள். இடம் இருப்பதை இரண்டு வேறு வழிகளில் உறுதி செய்த பிறகுதான் சோதனையை அணைக்க வேண்டும். இயங்குதளம் மேம்படுத்தும்போது அணைக்கவே கூடாது.

பிப்ரவரி 15, காலை 7:40

நிரல் எழுதுகிறவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்று தெரிகிறது. அவர்களிடம் ஒரு வேண்டுகோள்.

கணக்கை 64 பிட்டில் போடுங்கள். யூனிக்ஸில் ஸ்டாட்விஎஃப்எஸ் தரும் 'எஃப்_பிஅவெய்ல்' எண்ணை 'எஃப்_எஃப்ஆர்சைஸ்' ஆல் பெருக்குங்கள், 'எஃப்_பிசைஸ்' ஆல் அல்ல. உள்ளூர் டிஸ்க்கில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் உங்கள் மேசையில் பிழை தெரியாது, பயனரின் என்எஃப்எஸ்ஸில் தெரியும். உண்மையில் எழுதப்போகும் ஃபோல்டரைக் கேளுங்கள், டெம்ப்பையும் சேர்த்து. செய்தியில் எந்த டிரைவ், எவ்வளவு தேவை, எவ்வளவு கண்டீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். இந்தக் கேள்வியில் "-928" என்ற எண் திரையில் வந்ததால்தான் காரணத்தைச் சில நிமிடங்களில் பிடிக்க முடிந்தது. வெறுமனே "இடமில்லை" என்று வந்திருந்தால் அவர் இன்னும் அழித்துக்கொண்டிருப்பார்.

சாதாரணச் செயலிகளுக்குக் கதவையும் அடைக்காதீர்கள். இன்னோ செட்டப் இதில் நல்ல உதாரணம். இடம் குறைவு என்று எண்ணோடு எச்சரித்துவிட்டு, "ஆனாலும் தொடரவா?" என்று கேட்கும். முடிவு பயனர் கையில்.

பிப்ரவரி 15, மாலை 5:30

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: 2 ஜிபி ஃபைல் உருவாக்கியதும் செட்டப் "இருப்பது 1119 எம்பி" என்று காட்டியது, இன்ஸ்டால் ஆகிவிட்டது. 1 எம்பி வித்தியாசம் விண்டோஸ் நடுவில் எழுதியது, பொருட்படுத்த வேண்டாம்.

வெற்று ஃபைலை இப்போது அழிக்கலாம். மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டு அழியுங்கள். அந்தக் காலத்துச் சில மென்பொருள்கள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே கணக்கைப் போடும். அப்படி அடம்பிடித்தால், சின்னதாக 1.5 ஜிபி பார்ட்டிஷன் ஒன்று பிரித்து மென்பொருளை அதிலேயே போட்டுவிடுங்கள். அதன் காலி இடம் ஒருபோதும் 2 ஜிபியைத் தொடாது.

பிப்ரவரி 15, மாலை 6:05

ஒரு விடுபட்ட விஷயம்: அந்தப் பார்ட்டிஷனில் போட்டாலும் செட்டப் டெம்ப்புக்காக சி டிரைவையும் சோதித்தால் அங்கேயும் மீதி சரியாக விழ வேண்டும். டெம்ப், டிஎம்பி இரண்டு மாறிகளையும் புதுப் பார்ட்டிஷனுக்குத் திருப்பிவிட்டு ஓட்டுங்கள், முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.